மூன்று துடுப்பின் முதல் குவளை

ஈஸ்டர் திங்கட்கிழமை காலை 'மூன்று துடுப்பு' மதுவிடுதியில் இருந்தவர்கள் ஆறு பேர். விடுதியை நடத்திவந்த என் தம்பி ஹூபர்ட் ஹையெட். சமையலறையில் அவன் மனைவி வின்னி. கணப்பருகே, நனைந்த காலுறைகளைக் காயப்போட்டபடி பெர்சி ஆர்கன். ஆற்றில் சால்மன் பிடிப்பவன். ஜன்னலோரம் கிளெம் ப்ராசர். இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவர், பாதிச் செவிடு. மூலை நாற்காலியில் கோழி வளர்க்கும் விதவை டார்கஸ் பெய்லிஸ். ஆறாவது ஆள் நான், எஸ்ரா ஹையெட், மேல்மதகின் காவல்காரன். ஹூபர்ட்டின் அண்ணன். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. நானும் பார்த்தேன் என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் உட்காரவைக்க அந்த அறையில் இடம் போதாது.

செவர்ன் ஆறு அன்று பழுப்பாக, படித்துறையின் மேல்படி வரை ஏறியிருந்தது. கடல் ஏற்றத்தின் அலை விடியலில் எங்கள் வளைவைக் கடந்து போயிருந்தது. அதோடு வந்த விலாங்குக் குஞ்சுகளைப் பெர்சி வாளி நிறைய அள்ளிக் கொண்டுவந்திருந்தான். உயிரோடு இருக்கும்போது அவை கண்ணாடி நூல் மாதிரி இருக்கும். கண் மட்டும் கறுப்புப் புள்ளி. சூடான பன்றிக்கொழுப்பில் விழுந்ததும் வெள்ளையாகிவிடும். மேலே முட்டையை அடித்து ஊற்றிக் கிளறவேண்டும். ஆண்டின் முதல் விலாங்குக் குஞ்சும் ஈஸ்டருக்கென்று இறக்கிய பீப்பாயின் முதல் பீரும் அன்றைக்குத்தான். மதியத்துக்குள் கரையோர ஊர்கள் எல்லாம் வந்து சேரும்.

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. புதுப் பீப்பாயைத் திறந்தால் முதல் குவளையை ஹையெட் வீட்டு ஆண் எல்லோர் முன்னிலையிலும் நின்றபடி குடிப்பான். நன்றாக இருந்தால் காலிக் குவளையை, பீர் ஊற்றிக்கொடுக்கும் பலகையின் மேல் கவிழ்த்துவைப்பான். இல்லையென்றால் கதவைத் திறந்து மிச்சத்தை ஆற்றில் கொட்டிவிட்டு வருவான். கொட்டிவிட்டால் அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு யாருக்கும் கிடையாது. என் தந்தை ஒரு முறை அறுவடை விருந்தன்றே அப்படிக் கொட்டினார். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயர் அந்தக் கவிழ்த்த குவளையில்தான் இருந்தது.

ஹூபர்ட் நிலவறையிலிருந்து குவளையோடு ஏறிவந்தான். பெரிய உடம்பு, சின்னக் காது, இடுப்பில் கட்டிய வெள்ளை மேல்துணி. ஜன்னலுக்கு நேரே குவளையைத் தூக்கிப் பார்த்தான். பீர் பளிங்கு போலத் தெளிந்திருந்தது. நுரை பாங்காக நின்றது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

அவன் உதட்டில் வைப்பதற்கு முன்பே நாற்றம் எனக்கு எட்டிவிட்டது.

பீப்பாய் வியாபாரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலியான பீப்பாயை மூடியில்லாமல் போட்டுவைத்தால் உள்மரத்தில் பூஞ்சை ஏறிவிடும். பீர் ஆலையில் நிரப்புவதற்கு முன் ஒருவன் ஒவ்வொரு பீப்பாயிலும் மூக்கை விட்டுப் பார்க்கவேண்டும். அவன் அசந்துபோனால் நல்ல பீர் நாறல் பீப்பாய்க்குள் போய்விடும். நிறம் மாறாது, புளிக்காது. நாறும், அவ்வளவுதான். மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினால் ஆலைக்காரன் மறுபேச்சில்லாமல் வேறு பீப்பாய் தருவான்.

ஹூபர்ட் நிறுத்தாமல் குடித்து முடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு குவளையைக் கவிழ்த்துவைத்தான்.

"நல்லா இருக்கு. யாருக்கு ஊத்தணும்?"

டார்கஸ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

பெர்சிதான் முதலில் சிரித்தான். "என்னப்பா ஹூபர்ட்டு, உள்ள செத்துக் கிடக்கிறது எலியா, பூனையா?"

"என்னது?"

"விளையாட்டு போதும்யா. கதவைத் திற, மூச்சு முட்டுது."

ஹூபர்ட் கவிழ்த்த குவளையை நிமிர்த்தி மூக்கருகே கொண்டுபோனான். ஆழமாக இழுத்தான். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு," என்றான். முன்பு சொன்ன குரல் இல்லை அது.

நான் எழுந்துபோய்ப் பலகையருகே நின்றேன்.

"எனக்கு ஒண்ணு ஊத்து."

அவன் கீழே போய் நிரப்பிக்கொண்டு வந்தான். நான் அதை அடி வரை குடித்தேன். குவளையைக் கவிழ்த்தேன்.

"நல்ல பீர். பிடிச்சவங்க குடிக்கலாம். பிடிக்காதவங்களுக்கு வாசல் அந்தப் பக்கம்."

"மதகுக்காரரே," என்றான் பெர்சி, "உங்க வீட்டுக்கே மூக்கு மூடிக்கிச்சா?"

"எங்க வீட்டு மூக்கைப் பத்தி நீ பேசாதே. உன் காலுறை நாத்தம்தான் இங்க நிக்குது."

"என் காலுறையா? அது இந்த பீருக்கு முன்னால ரோஜாப்பூ."

கிளெமுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. இரண்டு ஹையெட்டுகள் குவளை கவிழ்த்ததை மட்டும் பார்த்திருந்தார். "நமக்கும் கொண்டா," என்று கையை நீட்டினார். ஹூபர்ட் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். கிளெம் ஒரு வாய் எடுத்தார், கண் பிதுங்கியது, கணப்புச் சாம்பலில் துப்பினார். ஹூபர்ட்டை அல்ல, என்னைத்தான் வெகுநேரம் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெர்சி ஈரக் காலுறைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலைப் பூட்சில் நுழைத்தான். டார்கஸ் கடைசியாகப் போனாள்.

"உங்க அப்பாவா இருந்தா ஆத்துல கொட்டியிருப்பாரு," என்றாள் வாசலில் நின்று.

சமையலறையில் வாணலி புகைந்துகொண்டிருந்தது. விலாங்குக் குஞ்சுகள் அடியில் கருகிப் பிடித்திருந்தன. அவற்றுக்கு முன்னால் கரண்டியோடு நின்ற வின்னிக்கு அது தெரியவில்லை. மூக்கு சிவந்து, கண் நீர் கோத்து, தலையில் கம்பளிச் சால்வை. நான் வாணலியை இறக்கிவைத்த பிறகுதான் புகையைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"பீப்பாயா?" என்றாள்.

"ம்," என்றான் ஹூபர்ட்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஹூபர்ட் என் பக்கம் திரும்பினான்.

"நிஜத்தைச் சொல்லுங்கண்ணே. எப்படி இருந்துச்சு?"

"அழுகின முட்டைக்கோஸ். அதுக்கு அடியில இன்னும் என்னவோ."

"எனக்குக் கசப்பு தெரிஞ்சுது. குளுமை தெரிஞ்சுது. புளிச்சிருந்தாக்கூட நாக்குல கண்டுபிடிச்சிருப்பேன். வாசனைதான் இல்லை."

"சளியா?"

"சளி எனக்கில்லை, அவளுக்கு."

ஜனவரி வெள்ளத்தில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறியபோது, பீப்பாய்கள் மிதந்து முட்டிக்கொள்ளாமல் கட்டிப்போட இறங்கியவன் படியில் வழுக்கி விழுந்தான். பின்மண்டை கல்லில் மோதியது. அது ஊருக்கே தெரியும். தலையில் கட்டோடு நின்று பீர் ஊற்றினான் என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மீதியை அன்றுதான் கேட்டேன்.

"மறுநாள் மத்தியானம் எழுந்து இங்க வந்து உக்காந்தேன். இவ எனக்கு முதுகைக் காட்டி நின்னு ஏதோ வதக்கிட்டிருந்தா. என்ன சமைக்கிறேன்னு கேட்டேன். கேலி பண்றேன்னு நினைச்சுக்கிட்டா."

"வெங்காயம்," என்றாள் வின்னி. "வீடு பூரா வெங்காயம், பெரியவரே. தெருவுல போறவனுக்குத் தெரியும்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"திரும்ப வந்தா வரும்னார். ரெண்டு மாசத்துல வரலைன்னா எதிர்பாக்காதேன்னார்."

"அப்ப இத்தனை நாள் பீப்பாய் திறந்தது?"

வின்னி சால்வை முனையில் மூக்கைத் துடைத்தாள். "விடிகாலையில நான் இறங்கி மோந்துட்டு வருவேன். நல்லா இருந்தா இவர் மேல்துணியை மடிச்சு நாற்காலியில வைப்பேன். இல்லைன்னா ஆணியில மாட்டிடுவேன். ஒரு தடவை மாட்டியிருக்கேன். அன்னைக்கு இவர் ஒரு வாய் குடிச்சுட்டு ஆத்துல கொட்டினாரு. எல்லாரும் தட்டிக்கொடுத்தாங்களே, ஹையெட் நாக்குன்னு. நீங்ககூடத்தான்."

தட்டிக்கொடுத்தேன். அதை மறுக்கவில்லை.

"இன்னைக்கு ஏன் மடிச்சு வச்சே?"

"பெரிய வெள்ளியில இருந்து மூக்கு அடைச்சிருக்கு. குழாயைத் திறந்து பாத்தேன், தெளிவா வந்துச்சு. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன், ஒண்ணும் தெரியலை. நாளோ ஈஸ்டர் திங்கள். தெரியலைன்னு வந்து சொன்னா இவர் என்ன பண்ணுவாரு? ஒருவேளை நல்லாத்தான் இருக்கும்னு மடிச்சு வச்சுட்டேன்."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றாள். அழவில்லை. வாணலியிலிருந்து கருகியதைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க?" என்று கேட்டான் ஹூபர்ட்.

"நீ கவிழ்த்துட்டே. நான் வேற என்ன பண்ணணும்?"

"ஹூபர்ட் ஏமாந்துட்டான்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. இப்ப ஹையெட்டுங்க தெரிஞ்சே நாறலை ஊத்தினாங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்ற வாயை நான் பாத்துக்கிறேன்."

மதியத்துக்கு வரவேண்டிய கூட்டம் வரவில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் சைக்கிளை வாசலில் நிறுத்தாமலே கடந்து போனார்கள். பெர்சியின் வாளியில் மிஞ்சியிருந்த குஞ்சுகள் மாலைக்குள் செத்து மேலே மிதந்தன. வின்னி அவற்றை டார்கஸின் கோழிகளுக்குக் கொடுத்தனுப்பினாள். டார்கஸ் வாங்கிக்கொண்டாள், வாளியைக் கழுவித் திருப்பி அனுப்பினாள், ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை.

பீர் ஆலையின் மேற்பார்வையாளர் பில்லிங் அடுத்த வாரம் ஒரு மழை மதியத்தில் வந்தார். கட்டடம் ஆலைக்குச் சொந்தம். நடத்தும் உரிமைதான் எங்கள் கையில். பில்லிங் நேர்மையான மனிதர் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. முதலில் நிலவறைக்குப் போய் அந்தப் பீப்பாயை மோந்து பார்த்தார். மேலே வந்து, "தப்பு எங்க ஆளோடது. பீப்பாயைச் சரியாப் பாக்கலை," என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். பெர்சியும் டார்கஸும் கிளெமும் இருந்தார்கள். ஈஸ்டர் திங்களுக்குப் பிறகு அவர்கள் மூவரும் உள்ளே கால் வைத்தது அன்றுதான்.

"ஆனா ஒண்ணு புரியலை, மிஸ்டர் ஹையெட். ஏன் திருப்பி அனுப்பலை? குடிச்சுட்டு நல்லா இருக்குன்னீங்களாம். உங்க அண்ணனும் சொன்னாராம். அப்புறம் இந்தப் பெரியவருக்கு ஊத்திக் கொடுத்தீங்களாம். தெரிஞ்சு கொடுத்தீங்கன்னு ஆலைக்குச் சேதி வந்திருக்கு. அப்படின்னா இந்த வீட்டை உங்ககிட்ட விட்டுவைக்க முடியாது."

ஹூபர்ட் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "அவனுக்குச் சளி. எனக்கும் சளி. வீட்டுக்கே சளி. கடும் சளி."

"இப்ப எப்படி?"

"போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் தெளிஞ்சாச்சு."

பில்லிங் முகம் மலர்ந்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். "அப்படின்னா சுலபம்," என்றார். தானே நிலவறைக்குப் போய் இரண்டு குவளைகளோடு வந்தார். ஒன்று புதுப் பீப்பாயிலிருந்து, ஒன்று நாறலிலிருந்து. இரண்டும் ஒரே நிறம், ஒரே தெளிவு. கணப்புக்குப் பக்கத்து மேசையில் அருகருகே வைத்தார்.

"எது கெட்டதுன்னு காட்டுங்க. காட்டிட்டா சளின்னு எழுதிட்டுப் போயிடறேன். இவங்க சாட்சி."

அறைக்கே தெரிந்தது எது என்று. டார்கஸ் வாயை மூடிக்கொண்டாள். பெர்சி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

ஹூபர்ட் மேசைக்கு முன்னால் நின்றான். பில்லிங்கின் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவில், வின்னி. அவள் மூக்கு தெளிந்து சில நாளாகியிருந்தது. அவள் தன் இடது கையை மேல்துணியில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வலது கையை அசைக்கவே இல்லை. நான் பார்த்தேன். ஹூபர்ட்டும் பார்த்தான். கெட்டது இடதுபக்கக் குவளைதான்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் சின்னப் பையன்களாக இருந்த காலத்துக்குப் பிறகு அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு இரண்டு குவளைகளையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக மோந்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"தெரியலைங்க," என்றான்.

"நிதானமாப் பாருங்க."

"எவ்வளவு நிதானமாப் பாத்தாலும் தெரியாதுங்க. ஜனவரியில தலையில அடிபட்டதுல போயிடுச்சு. இது சளி இல்லை. அண்ணன் என் மேல இருக்கிற பாசத்துல சொன்னாரு. அன்னைக்கு அவர் குடிச்சதும் அதுக்குத்தான். இந்த வீட்டுல யாரும் யாருக்கும் தெரிஞ்சு கெட்ட பீர் ஊத்தலை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

கிளெம் பெர்சியின் சட்டையை இழுத்து, "என்ன சொல்றான்?" என்றார். பெர்சி அவர் காதில் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. "மூக்கு போச்சாம். இவனுக்கு வாசனையே தெரியாதாம்."

அப்படித்தான் அது வாய்விட்டுச் சொல்லப்பட்டது, எங்கள் பாட்டனார் போட்ட பலகைக்கு முன்னால், ஊர் கேட்க.

பில்லிங் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ஏமாத்தலைன்னு எழுதுவேன்," என்றார் கடைசியில். "ஆனா மோக்கத் தெரியாதவர்கிட்ட நிலவறையை விடமுடியாது. செப்டம்பர் கடைசியில மிக்கேல் திருநாள் வரைக்கும் இருங்க. அதுக்கு மேல என்னால முடியாது."

"என் மனைவி மோப்பா," என்று ஹூபர்ட் கேட்டுப்பார்க்கவில்லை. நான் கேட்டேன். பெண்கள் பெயரில் உரிமை தரும் வழக்கம் ஆலையில் இல்லை என்றார்.

அவர் போன பிறகு பெர்சி எழுந்து வந்தான். "எலியா பூனையான்னு கேட்டுட்டேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன்யா."

"நல்ல கேள்விதான் பெர்சி. பதில் தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

பெர்சி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. டார்கஸ், அதிகம் பேசாதவள், ஹூபர்ட்டின் கையில் தட்டிவிட்டுப் போனாள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் ஹூபர்ட்டைப் படித்துறைக்கு அழைத்துப்போனேன்.

"இடதுன்னு ஒரு வார்த்தை. அவ காட்டினா, நீயும் பாத்தே. ஒரு வார்த்தையில வீடு நின்னிருக்கும்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் அவ இருப்பா."

"அவ இருப்பா. நான் எப்பவும் கதவுப் பக்கம் அவ கையைப் பாத்துட்டு நிக்கணும். சளி பிடிச்சா ரெண்டு பேரும் நடுங்கணும். எனக்கு அலுத்துப்போச்சுண்ணே. அவளுக்கும்தான். இன்னைக்கு அவ முகத்தைப் பாத்தீங்களா? திருடப்போற ஆள் மாதிரி இருந்தா. அவளை அப்படி ஆக்கிவச்சு இந்த வீடு எதுக்கு?"

"நாலு தலைமுறை."

"நாலு தலைமுறையும் கெட்டதைக் கெட்டதுன்னு சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்."

அவன் சொன்னது தவறு என்று நினைத்துக்கொண்டுதான் அன்று மதகுக்குத் திரும்பி நடந்தேன்.

மிக்கேல் திருநாளன்று சாமான்களைப் பெர்சியின் படகில் ஏற்றினோம். வேறு ஊர்க்காரன் ஒருவன் விடுதிக்கு வந்தான். முதல் குவளை வழக்கம் அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஹூபர்ட்டுக்கு குளோஸ்டர் துறைமுகத்தில் மரக்கிடங்கில் வேலை கிடைத்தது. வின்னி மருத்துவமனைச் சலவைக்குப் போனாள். செருப்புத் தைப்பவர் கடைக்கு மேலே இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேருந்தில் போவேன். பன்றிக்கால் வேகவைத்து, பட்டாணியோடு வைப்பாள். ஹூபர்ட் எல்லாவற்றின் மேலும் கடுகு அப்பிக்கொள்வான். காரமாவது தெரிகிறதே என்பான்.

"முன்னே இது சாப்பாடு. இப்ப வேலை," என்றான் ஒரு முறை.

"மரக்கிடங்கு எப்படி?"

"எல்லாரும் பைன் மர வாசனை தலைவலிக்குதுங்கறாங்க. எனக்கு ஒரு தொல்லையும் இல்லை." அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான். வின்னியும் சிரித்தாள். படித்துறையில் அவன் சொன்னது அப்போது எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அவர்கள் இரண்டு பேரும் மெலிந்திருந்தார்கள். ஆனால் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

நவம்பர் மாதம் ஒரு காலையில் வின்னி சலவைக்குப் போன பிறகு அவன் இறந்தான். கீழ்க்கடைக்காரர்தான் நாற்றம் தாங்காமல் மேலே ஓடியிருக்கிறார். விபத்து என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊர்த் தேவாலயக் கல்லறையில் தந்தைக்குப் பக்கத்தில் புதைத்தோம். பெர்சி, கிளெம், டார்கஸ் வந்தார்கள். பில்லிங்கும் வந்தார், கதவருகிலேயே நின்றார். அடக்கம் முடிந்து வின்னி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "நான் வீட்டுல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும், இல்லையா பெரியவரே?" இல்லை என்று சொன்னேன்.

'மூன்று துடுப்பில்' இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நாறல் பீர் குடித்த அவமானம் தாங்காமல் ஹூபர்ட் ஹையெட் குளோஸ்டருக்குப் போய்த் தானே காஸைத் திறந்துவிட்டுக்கொண்டு செத்தான் என்று. அது பொய். அவன் பால் காய்ச்ச வைத்திருந்தான். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. காஸ் வந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேலைக்குப் போகப் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலில் கட்டி முடித்திருந்தான்.